இயற்பியல் வாயிலில் கறுப்பின மாதர்

அறிவுக்கு நிறம் உண்டா? இல்லை என்றே எல்லாரும் விடையளிப்போம். ஆயின், அறிவைத் தேடிச் செல்லும் வழியில் நிற்கும் வாயில்களுக்கு நிறமும் உண்டு, பாலும் உண்டு என்பதை வரலாறு காட்டுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பின மகளிர் இயற்பியல் என்னும் துறைக்குள் நுழைய மேற்கொண்ட முயற்சியின் வரலாறு, இதற்குத் தெளிவான சான்றாகும்.

இவ்வரலாற்றை ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ மணிகளுக்கும் எடுத்துரைக்க நான் விரும்புவதற்குக் காரணம் ஒன்றுண்டு. கல்விக்கூடத்தின் கதவைச் சட்டம் திறந்துவிடலாம். ஆனால், உள்ளே வந்த மாணவிக்கு வகுப்பறையில் ஓர் இடம் தருவது சட்டமன்று. ஆங்கு நிற்கும் ஆசிரியரே. அவ்வாசிரியரின் ஒரு சொல் வழி காட்டவும் கூடும். வழியை அடைக்கவும் கூடும். இவ்வுண்மையைக் கீழ்வரும் வாழ்க்கைகள் ஒவ்வொன்றிலும் காணலாம்.

பூட்டப்பட்ட ஏடு

அடிமை முறை நிலவிய காலத்தில், கறுப்பினத்தாருக்கு எழுத்தறிவித்தலே குற்றமாகக் கருதப்பட்டது. தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டிலேயே, அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தண்டனைக்குரியதாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. வர்ஜீனியா மாநிலம் 1831இல் இத்தகைய தடையை மேலும் இறுக்கியது. உள்நாட்டுப் போர் முடிந்து, 1865இல் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னரே பூட்டிய ஏடு திறந்தது. விடுதலை பெற்ற மக்களுக்கென 1866இல் ஃபிஸ்க் கல்லூரியும், 1867இல் ஹோவர்ட் பல்கலைக்கழகமும், 1868இல் ஹாம்ப்டன் கல்விக்கழகமும் தோன்றின. மகளிருக்கென அட்லாண்டா நகரில் 1881ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்பெல்மன் கல்லூரி, ஒரு தேவாலயத்தின் நிலவறையில்தான் தன் முதல் வகுப்பை நடத்தியது. வெள்ளையர் கல்லூரிகள் இடம் தர மறுத்த காலத்தில், கறுப்பின மாணவருக்கு அறிவியலின் அரிச்சுவடியைக் கற்பித்தவை இத்தகைய கல்லூரிகளே.

இதே காலத்தில் எட்வர்ட் புஷே என்னும் கறுப்பின இளைஞர், யேல் பல்கலைக்கழகத்தில் 1876ஆம் ஆண்டு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்க நாட்டில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற ஆறாமவர் அவர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எந்தத் துறையிலும் டாக்டர் பட்டம் பெற்ற முதற் கறுப்பின அமெரிக்கரும் அவரே. இத்துணைத் தகுதி படைத்த ஒருவரை எந்தப் பல்கலைக்கழகமும் பேராசிரியராக ஏற்க முன்வரவில்லை. பிலடெல்பியா நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென நடந்த ஒரு பள்ளியில் 26 ஆண்டுகள் அறிவியல் கற்பித்தார். 1902இல் அப்பள்ளி தன் போக்கை மாற்றிக்கொண்டது. உயர் கல்விக்கு வழிகாட்டும் பாடங்களைக் கைவிட்டுக் கைத்தொழிற் பயிற்சியை மேற்கொண்டது. புஷே விலகினார்.

கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும் என்னும் கருத்து அன்று பலராலும் நல்லெண்ணத்துடனேயே கூறப்பட்டது. பசித்திருக்கும் சமுதாயத்துக்கு முதலில் சோறு வேண்டும், பிறகு விண்மீன்களைப் பற்றிப் பேசலாம் என்பது அவர்கள் வாதம். தொழில் கற்பதில் இழிவில்லை. ஆயினும், 'ஒரு தொழிலைக் கற்றுக்கொள்' என்னும் அறிவுரை, 'இதற்குமேல் உனக்கு வேண்டா' என்னும் எல்லைக்கோடாக மாறும்போது அது தடையாகிறது. இச்சொற்றொடரை வாசகர்கள் நினைவில் இருத்துவார்களாக. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டும் ஒலிக்கக் கேட்போம்.

புஷேக்குப் பின், இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற இரண்டாம் கறுப்பினத்தவர் எல்மர் ஐம்ஸ். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1918இல் அவருக்கு அப்பட்டத்தை வழங்கியது. முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் இடையே 42 ஆண்டுகள் கடந்தன. அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு மூலக்கூறுகளின் அசைவை நுட்பமாக அளந்தவர் ஐம்ஸ். 1930இல் தாம் பயின்ற ஃபிஸ்க் கல்லூரிக்கே திரும்பி, அங்கு இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்றார். ஒருவர் ஏறிய பின் ஏணியை மேலே இழுத்துக்கொள்ளாமல், கீழே நிற்பவருக்காகப் பிடித்துக்கொண்டிருந்த செயல் இது.

போர்க்காலத்தில் திறந்த பக்கக் கதவு

ஐம்ஸ் தலைமையேற்றிருந்த ஃபிஸ்க் கல்லூரியில் 1938ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர் கரோலின் பியாட்ரிஸ் பார்க்கர். ஃபுளோரிடா மாநிலத்தின் கெயின்ஸ்வில் நகரில் 1917இல் பிறந்தவர். சில காலம் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்த அவர், 1943 முதல் 1947 வரை டேட்டன் நகரில் நடந்த இரகசிய ஆய்வில் இயற்பியலாளராகப் பங்கேற்றார். அணுகுண்டுத் திட்டத்தின் ஒரு பகுதியாகிய அவ்வாய்வு, பொலோனியம் என்னும் கதிரியக்கத் தனிமத்தைப் பற்றியது. பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். இயற்பியலில் மேற்பட்டம் பெற்றவராக அறியப்படும் முதற் கறுப்பினப் பெண்மணி இவரே. 1966இல், ஐம்பது வயது நிறைவதற்கு முன்பே, இரத்தப் புற்றுநோயால் காலமானார்.

போர்க்காலம் இன்னும் ஒரு பக்கக் கதவைத் திறந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப், கறுப்பினத் தொழிலாளரைத் திரட்டித் தலைநகர் நோக்கிப் பேரணி நடத்தப்போவதாக அறிவித்தார். அதன் பயனாகக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், பாதுகாப்புத் தொழில்களில் இன வேற்றுமை காட்டலாகாது என 1941இல் ஆணை பிறப்பித்தார். போராடிப் பெற்ற ஆணை அது. தானே கனிந்து விழுந்த கனியன்று. இரண்டாண்டுகள் கழித்து, வர்ஜீனியாவில் இருந்த லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடம், கணிதம் பயின்ற கறுப்பினப் பெண்களைக் கணக்கீட்டுப் பணியில் அமர்த்தத் தொடங்கியது.

வேலை கிடைத்தது, மதிப்புக் கிடைக்கவில்லை. அவர்களுக்குத் தனிக் கட்டடம், தனிக் கழிவறை; உணவுக்கூடத்தில் ஒதுக்கப்பட்ட தனி மேசை. அம்மேசைமேல் 'நிறத்தவர்க்கு' என எழுதிய அட்டை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. மிரியம் மான் என்னும் ஊழியர் அதை எடுத்துத் தம் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மறுபடியும் புதிய அட்டை வைக்கப்பட்டது. மறுபடியும் அவர் அதை எடுத்தார். இறுதியில் அட்டை வைப்பவர்கள் ஓய்ந்தனர். வானூர்தியின் இறக்கைமேல் காற்று எவ்வாறு பாயும் எனக் கணக்கிட்ட கைகளே, இந்தச் சிறு போரையும் நடத்தின.

அவ்வாய்வுக்கூடத்தில் 1951இல் சேர்ந்தவர் மேரி ஜாக்சன். ஹாம்ப்டன் கல்விக்கழகத்தில் கணிதமும் இயற்பொருள் அறிவியலும் பயின்று 1942இல் பட்டம் பெற்ற அவர், ஓராண்டு ஆசிரியையாகவும் இருந்தவர். ஒலியினும் விரைந்த காற்றைச் செலுத்திச் சோதனை செய்யும் சுரங்கம் ஒன்றில் அவரோடு பணியாற்றிய பொறியியலாளர் காஸிமியர்ஸ் சார்னெக்கி, அவருடைய திறனைக் கண்டு, 'நீங்கள் பொறியியலாளராகப் பயிற்சி பெற வேண்டும்' எனத் தூண்டினார். அப்பயிற்சிக்குரிய மாலை வகுப்புகளோ வெள்ளையருக்கு மட்டும் உரிய ஒரு பள்ளிக் கட்டடத்தில் நடைபெற்றன. தாம் பிறந்து வளர்ந்த ஊரின் பள்ளிக்குள் காலடி வைப்பதற்கு, மேரி ஜாக்சன் நகராட்சியிடம் தனி அனுமதி கேட்டுப் பெற வேண்டியதாயிற்று. பெற்றார், பயின்றார், 1958இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் முதற் கறுப்பினப் பெண் பொறியியலாளர் ஆனார்.

அதே கூடத்தில் பணியாற்றிய காத்தரின் ஜான்சனின் இளமையும் நாம் அறியத்தக்கது. மேற்கு வர்ஜீனியாவில் 1918இல் பிறந்த அவருடைய வட்டாரத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. பெற்றோர், பள்ளி இருந்த வேற்றூரில் வீடு பார்த்து, பிள்ளைகளை அங்கே தங்கிப் படிக்கச் செய்தனர். பதினான்காம் வயதில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்துக் கல்லூரியில் சேர்ந்த அவருக்கு, கிளேய்ட்டர் என்னும் கறுப்பினப் பேராசிரியர் ஆசானாக வாய்த்தார். கல்லூரியின் கணிதப் பாடங்கள் யாவற்றையும் அம்மாணவி கற்று முடித்த பின்னர், அவருக்கென்றே புதிய பாடங்களை வகுத்துக் கற்பித்தார் அவர். முப்பரிமாண வெளியின் வடிவியல் பற்றிய பாடமும் அவற்றுள் ஒன்று. 1962இல் ஜான் கிளென் என்னும் விண்வெளி வீரர் பூமியைச் சுற்றப் புறப்படுமுன், கணிப்பொறி தந்த எண்களைக் காத்தரின் ஜான்சன் சரிபார்க்கட்டும் எனக் கேட்டுக்கொண்டார். அவர் சரியென்ற பின்னரே பயணம் தொடங்கியது. ஒரு மாணவிக்காக ஓர் ஆசிரியர் எடுத்த தனிப்பாடம் எங்குச் சென்று முடிந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொண்ணூற்றாறு ஆண்டுகள்

புஷே பட்டம் பெற்றது 1876இல் எனக் கண்டோம். கறுப்பினப் பெண்ணொருவர் அதே துறையில் டாக்டர் பட்டம் பெற்றது எப்போது? 1972ஆம் ஆண்டில். இடைவெளி 96 ஆண்டுகள். ஆண்களுக்கே மிக அரிதாகத் திறந்த வாயில், பெண்களுக்குத் திறக்க மேலும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது.

அவ்வாறு முதலில் நுழைந்தவர் வில்லி ஹாப்ஸ் மூர். நியூ ஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் 1934இல் பிறந்தவர். தந்தையார் நீர்க்குழாய் பொருத்தும் தொழிலாளி. குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறையினர் இவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று 1958இல் இளநிலைப் பட்டமும், 1961இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். தொழில் நிறுவனங்களில் பொறியியலாளராகப் பணிபுரிந்த பின்னர், மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்து, பேராசிரியர் சாமுவேல் கிரிம் என்பாரின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்தார். குளோரின் சேர்ந்த சில மூலக்கூறுகள் எவ்வாறு அதிர்கின்றன என்பதை ஆராய்ந்த ஆய்வு அது. எல்மர் ஐம்ஸ் பட்டம் பெற்ற அதே பல்கலைக்கழகம். மூலக்கூறுகளின் அசைவை ஆயும் அதே வகைத் துறை. இருவருக்கும் இடையே 54 ஆண்டுகள்.

1977இல் ஃபோர்ட் மோட்டார் நிறுவனத்தில் சேர்ந்த மூர், ஜப்பானியர் கண்ட தர மேம்பாட்டு முறைகளை அந்நிறுவனத்தில் பரப்புவதில் பங்காற்றினார். 1994இல் மறைந்தார். முதல்வர் என்னும் பெருமைக்குரிய அவர் பெயரை, அவருடைய துறையிலேயே பலர் நெடுங்காலம் அறியாதிருந்தனர். வாயிலைத் திறந்தவரை மறப்பதும் ஒருவகைத் தடையே. பின்வரும் மாணவி, தனக்கு முன் ஒருவரும் வந்ததில்லை என எண்ணித் தயங்க அது காரணமாகிறது.

அந்தப் பழைய அறிவுரை

வாஷிங்டன் நகரில் 1946இல் பிறந்தவர் ஷர்லி ஆன் ஜாக்சன். தந்தையார் அஞ்சல் துறை ஊழியர். தாயார் சமூகப் பணியாளர். வீட்டின் அடியில் தேனீக்களையும் வண்டுகளையும் பிடித்து வளர்த்து, அவற்றின் நடத்தையைக் குறிப்பெடுத்த சிறுமி இவர். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணில் செலுத்த, அமெரிக்கப் பள்ளிகள் அறிவியல் கல்விக்கு முதன்மை அளித்தன. இவ்விரு நிகழ்ச்சிகளும் தம் வாழ்வின் போக்கை மாற்றின என்று அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறிய அவரிடம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு விண்ணப்பிக்குமாறு தூண்டியவர் அப்பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் ஒருவரே.

1964இல் அவர் அக்கழகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டு சேர்ந்தோருள் கறுப்பினப் பெண்கள் இருவரே. சட்டத்தின் கதவு திறந்துதான் இருந்தது. குடியுரிமைச் சட்டமும் அதே ஆண்டில்தான் நிறைவேறியது. ஆனால் வகுப்பில் அவருக்குப் பக்கத்து இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. ஒரு நாள் விடுதியில் மாணவியர் சிலர் கூடி இயற்பியல் கணக்குகளைச் செய்துகொண்டிருந்தனர். தாம் செய்து முடித்த கணக்குகளுடன் அவர்களோடு சேர விரும்பிச் சென்றார் ஜாக்சன். விலகிப் போகச் சொன்னார்கள். அறைக்குத் திரும்பிச் சிறிது நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எஞ்சிய கணக்குகளைத் தனியே முடித்தார்.

எத்துறையைத் தேர்ந்தெடுக்கலாம் எனப் பேராசிரியர் ஒருவரிடம் அவர் அறிவுரை கேட்டார். வகுப்பில் முதன்மையான மதிப்பெண் பெற்றுவந்த அம்மாணவிக்கு அவர் அளித்த விடை: கறுப்பினப் பெண்கள் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதாகும். 1902இல் பிலடெல்பியாவில் ஒலித்த அதே குரல், 1960களில் உலகப் புகழ் பெற்ற ஓர் ஆய்வுக்கழகத்தின் உள்ளிருந்து ஒலித்தது. ஜாக்சன் அந்த அறிவுரையை ஏற்றுக்கொண்டார் எனலாம். அவர் கற்றுக்கொள்ளத் துணிந்த தொழில் இயற்பியல்.

1968ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மேற்படிப்புக்கு வேறொரு பல்கலைக்கழகத்தைத் தேரலாம் எனப் பிலடெல்பியாவுக்குச் சென்று பார்த்துத் திரும்பும் வேளையில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அவர் செவியில் விழுந்தது. தம்மை ஒதுக்கிய கழகத்தை விட்டு விலகுவதைவிட, அங்கேயே இருந்து அதை மாற்றுவது கடன் என்று முடிவு செய்தார். தோழர்களுடன் சேர்ந்து கறுப்பின மாணவர் சங்கத்தை அமைத்தார். கழகத்தின் நிர்வாகம் நிறுவிய கல்வி வாய்ப்புக் குழுவில் இடம் பெற்று, மாணவர்களைத் தேடிச் சென்று சேர்க்கும் பணியில் ஈடுபட்டார். முன்னர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் சேர்ந்துவந்த கறுப்பின மாணவர், ஓராண்டிலேயே ஐம்பதுக்கு மேற்பட்டோராயினர். தகுதியுடையோர் இல்லை என்று அதுவரை கூறப்பட்ட காரணம், தேடுவோர் இல்லை என்பதன் மறுபெயரே என்பது அப்போது வெளிப்பட்டது.

1973இல் அணுவினும் சிறிய அடிப்படைத் துகள்களைப் பற்றிய கோட்பாட்டு இயற்பியலில் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். அக்கழகத்தில் எத்துறையிலும் அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி அவரே. அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர், அங்கு இயற்பியல் துறையில் நிலைபெற்ற முதற் கறுப்பினப் பேராசிரியர் ஜேம்ஸ் யங். பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976 முதல் 1991 வரை திண்மப் பொருள்களின் மின்னணு இயல்புகளை ஆராய்ந்தார். தொலைபேசியில் அழைப்பவரின் எண்ணைக் காட்டும் கருவியைக் கண்டுபிடித்தவர் அவரே எனச் சிலர் எழுதுவதுண்டு, அது பொருந்தாது. உண்மையான சாதனையே போதுமான அளவு இருக்கும்போது, கட்டுக்கதை எதற்கு? அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 1995இல் தலைவரானார். 1999 முதல் 2022 வரை ரென்சலேர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கினார். 2016இல் குடியரசுத் தலைவர் ஒபாமா, நாட்டின் உயரிய அறிவியல் விருதை அவருக்கு அணிவித்தார்.

இரட்டைத் தளை

1975ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், வர்ஜீனியாவில் ஒரு கூட்டம் நடைபெற்றது. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் கூட்டிய அக்கூட்டத்தில், சிறுபான்மை இனங்களைச் சேர்ந்த முப்பது பெண் அறிவியலாளர்கள் ஒன்றுகூடினர். தம் துறையில் தம்மைப் போன்ற இன்னொருவரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். மறு ஆண்டு வெளிவந்த அவர்களின் அறிக்கைக்கு 'இரட்டைத் தளை' என்னும் பொருள்படும் தலைப்பு இடப்பட்டது. இனத்தால் ஒரு தளை, பால் வேற்றுமையால் மற்றொரு தளை. பெண்ணுரிமை பேசிய கூட்டங்களில் இனம் மறக்கப்பட்டது. இனவுரிமை பேசிய கூட்டங்களில் பெண் மறக்கப்பட்டாள். இரண்டு தளைகளையும் ஒருங்கே காண வேண்டும் என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

ஆதரவுகளும் பெருகின. 1977இல் கறுப்பின இயற்பியலாளர் தேசியச் சங்கம் தோன்றியது. 2004இல், நாஷ்வில் நகரில் அருகருகே இருந்த ஃபிஸ்க், வாண்டர்பில்ட் ஆகிய இரு பல்கலைக்கழகங்கள் ஒரு பாலத்தை அமைத்தன. ஃபிஸ்க்கில் முதுகலை பயிலும் மாணவருக்கு, அப்போதே வாண்டர்பில்ட் ஆய்வுக்கூடங்களில் இடமும், வழிகாட்டும் ஆசிரியரும் கிடைத்தனர். பின்னர் அங்கேயே டாக்டர் பட்டத்துக்குப் பயில வழியும் பிறந்தது. தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பாராது, விடாமுயற்சியையும் கண்டறிந்து மாணவரைச் சேர்த்தனர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதற் கறுப்பினப் பெண்ணாகிய ஜாமி வேலன்டைன், தமக்கு முன்னும் பின்னும் அப்பட்டம் பெற்ற கறுப்பின மகளிரின் பெயர்களைத் தேடித் தொகுத்தார். அவர் பட்டம் பெற்றது 2007இல். அப்பல்கலைக்கழகம் தோன்றியதோ, புஷே பட்டம் பெற்ற அதே 1876ஆம் ஆண்டில்.

இத்தனைக்குப் பின்னும் நிலைமை நிறைவளிக்கவில்லை. அமெரிக்க இயற்பியல் நிறுவனம் அமர்த்திய குழு, 2020இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெறுவோருள் கறுப்பினத்தாரின் பங்கு, 1990களின் இறுதியில் நூற்றுக்கு ஐந்தாக இருந்து, பின்னர் நான்குக்கும் கீழே இறங்கியதை அது எடுத்துக்காட்டியது. காரணம் மாணவரின் அறிவுக் குறைவன்று என்பதையும் அது தெளிவுபடுத்தியது. 'நான் இவ்விடத்துக்கு உரியவள்' என்னும் உணர்வு, 'நானும் ஓர் இயற்பியலாளர்' என்னும் தன்னம்பிக்கை, கற்றலில் துணை, பொருள் உதவி முதலிய வாழ்க்கைத் துணை, பொறுப்பேற்று நடத்தும் தலைமை ஆகிய ஐந்தும் இருக்கும் துறைகளில் மாணவர் நிலைக்கின்றனர். இல்லாத துறைகளில் விலகுகின்றனர்.

ஐந்தனுள் முதலில் நிற்பது உரிமையுணர்வு. பக்கத்து இருக்கை வெறுமையாகக் கிடந்ததைப் பற்றி ஷர்லி ஜாக்சன் அன்று சொன்னதும் இதுவே.

ஆசிரியர் கடன்

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் என் மனத்தை ஒரு நினைவு உறுத்துகிறது. அதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணியேற்ற காலம். ஆறாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தார். பழைய கைவிளக்கின் மின்கலம், செப்புக் கம்பி, ஆணி ஆகியவற்றைக் கொண்டு தாமாகவே மின்காந்தம் ஒன்றைச் செய்து வகுப்புக்குக் கொண்டுவந்தார். கம்பியை இன்னும் பல சுற்றுகள் சுற்றினால் காந்தம் வலுப்படுவது ஏன் என்று கேட்டார். பாடநூலில் இல்லாத கேள்வி அது. பிறகு பார்க்கலாம் என்றேன். ஆண்டிறுதியில், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியான அவர் தந்தையார் என்னிடம் வந்து, "ஐயா, பிள்ளை நிறையப் படிக்கணும்னு சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். குடும்ப நிலையை எண்ணி, நல்லெண்ணத்துடனேயே சொன்னேன்: "மூன்றாம் படிவம் வரை படிக்கட்டும். பிறகு தையல் பழகிக்கொண்டால் நல்லது."

அவர் இன்று ஒரு சிறு பட்டணத்தில் தையற்கடை வைத்து நேர்மையாக வாழ்கிறார். தையல் இழிந்த தொழிலன்று. ஆயினும் அவர் கேட்டது அதுவன்று. பல ஆண்டுகள் கழித்து ஷர்லி ஜாக்சனின் வரலாற்றைப் படித்தபோது, அந்தப் பேராசிரியரின் சொல்லில் என் குரலையே கேட்டேன். என் மாணவியின் தோலுக்கும் என் தோலுக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லை. இனவெறி என்னிடம் இல்லை என்று நான் நம்பியிருந்தேன். ஆனால், ஏழைப் பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்னும் அளவுகோல் என் கையில் இருந்தது. அதைக் கொடுத்தவர் யார், நான் எப்போது வாங்கிக்கொண்டேன் என்பதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

வரலாறு நமக்கு இருவகை ஆசிரியரைக் காட்டுகிறது. ஒரு மாணவிக்காகப் புதிய பாடம் வகுத்த கிளேய்ட்டர் ஒரு வகை. தொழில் கற்றுக்கொள் எனக் கைகாட்டிய பேராசிரியர் மற்றொரு வகை. இருவரும் கற்றவர்களே. அவர்களிடையே வேறுபாடு, மாணவியின் முகத்தில் எதைக் கண்டார்கள் என்பதில் இருந்தது.

ஓய்வுக்கு முன் மேரி ஜாக்சன் செய்த ஒரு செயலைக் கூறி நிறைவு செய்கிறேன். நாசாவில் உயர்நிலைப் பொறியியலாளராக இருந்த அவர், 1979இல் அப்பதவியை விட்டு, தகுதியில் தாழ்ந்த ஒரு பொறுப்பை விரும்பி ஏற்றார். அடுத்து வரும் பெண்கள் பணியில் சேரவும் உயரவும் வழி செய்யும் பொறுப்பு அது. அதற்கு முன்னரே, தம் ஊரின் சமூக நிலையத்தில் அறிவியல் கழகப் பிள்ளைகளுடன் அமர்ந்து, காற்றுச் சுரங்கம் ஒன்றைச் செய்ய அவர்களுக்கு உதவியிருந்தார். நாசாவின் தலைமையகக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கெயின்ஸ்வில் நகரிலும், அடிமை முறைக்காகப் போரிட்ட படைத்தலைவர் ஒருவரின் பெயரில் இயங்கிய தொடக்கப் பள்ளிக்கு, 2020இல் கரோலின் பியாட்ரிஸ் பார்க்கரின் பெயர் சூட்டப்பட்டது. அப்பள்ளிக்குள் நாள்தோறும் நுழையும் சிறுமியர், தமக்கு முன் ஒருவர் இவ்வழி சென்றார் என்பதை வாயிலிலேயே படித்துக்கொண்டு செல்கின்றனர்.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த முறை ஒரு பிள்ளை பாடநூலில் இல்லாத கேள்வியைக் கேட்கும்போது, பிறகு பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். விடை தெரியாவிட்டால், சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். மாணவ மணிகளே, உங்கள் வகுப்பில் ஒருவருக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்குமானால், நாளை அங்கே சென்று அமருங்கள். இவ்விரண்டுக்கும் அரசாணை வேண்டியதில்லை, பொருட்செலவும் இல்லை.